எலேன் சொல்லாதது

ஒரு நாற்காலி விட்டு உட்கார்ந்திருக்கிறான். பக்கத்திலேயே உட்கார்ந்தால் என்ன, நான் என்ன கடித்தா விடுவேன்? நடு நாற்காலியில் என் கைப்பை கிடக்கிறது என்பது வேறு விஷயம். அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டிருந்தால் உட்கார்ந்திருப்பானோ என்னவோ. எடுக்கத் தோன்றவில்லை. கூடத்து வாசலில் வந்து நின்று, "பிளாந்தின், அடையாளம் தெரியுதா?" என்று கேட்டானே, அப்போதே எனக்குக் கை கால் ஓடவில்லை. அடையாளம் தெரியுதாவாம்! நாற்பத்தைந்து வருஷம் கழித்து வந்து கேட்கிற கேள்வியைப் பார். முன்மண்டை வழுக்கை, கழுத்தில் மஃப்ளர், மார்ச் மாதத்தில் பாண்டிச்சேரியில் சாயங்காலம் நாலு மணிக்கு மஃப்ளர் கட்டிக்கொண்டு வருகிற ஆள் இவன் ஒருத்தனாகத்தான் இருக்கும், மற்றபடி அதே ஆள், அதே துருத்திய காது. "தெரியாம என்ன, கலியமூர்த்திதான?" என்றேன், ஏதோ வகுப்பில் பேர் கூப்பிடுகிற மாதிரி. முப்பத்தாறு வருஷம் பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்த வாய் வேறு எப்படிப் பேசும். அவன் சிரித்தான். "உன் குரல் அப்டியே இருக்கு," என்றான். நான் ஏதாவது சொல்வதற்குள் ஜாக்லின் ஓடி வந்துவிட்டாள். என் பழைய மாணவி, இந்த சினிமா கிளப்பை இப்போது நடத்துகிறவள். "மிஸ், உக்காருங்க மிஸ், ஆரம்பிக்கப் போறோம்" என்று தோளைப் பிடித்து உட்காரவைத்துவிட்டாள். விளக்கும் அணைந்தாயிற்று. இனி ஒன்றே முக்கால் மணி நேரம். அது முடிகிற இடத்தில், திரையில் இருக்கிற பெண் ஒரே ஒரு வரி சொல்லுவாள். அதை இவன் காதால் கேட்டால், அன்றைக்கு நான் மைக்கில் சொன்னது அந்தப் படத்திலேயே இல்லை என்று தெரிந்துபோகும். எழுந்து போய்விடலாமா? முழங்கால் வலி என்று சொன்னால் யாரும் நம்பாமல் இருக்கப்போவதில்லை.

புகை. ஸ்டேஷன் முழுக்கப் பனியும் ரயில் புகையும், ஒரு கிழவன் கைவிளக்கோடு தண்டவாளத்தைத் தாண்டுகிறான். படத்தின் பேர் 'தொப்பிக்குச் சொந்தக்காரர்'. பேரைக் கேட்டால் சிரிப்புப் படம் மாதிரி இருக்கும், அன்றைக்கும் பாதிப் பேர் அப்படி நினைத்துத்தான் வந்தார்கள். பிரதியே இல்லை, அழிந்துபோச்சு என்று இத்தனை வருஷம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இப்போது பிரான்சில் எங்கோ ஒரு கிடங்கில் கிடைத்து, கழுவித் துடைத்து அனுப்பியிருக்கிறார்கள். பளிச்சென்றுதான் இருக்கிறது, எனக்குத்தான் அந்தப் பழைய கீறலும் கோடும் இல்லாமல் என்னவோ வேறு படம் போலிருக்கிறது. எழுபத்தொன்பதில் பார்த்தது. அப்போது கிளப் கடற்கரைப் பக்கம் ஒரு பழைய கூடத்தில் இருந்தது. மாசத்துக்கு ஒரு படம் தகரப் பெட்டியில் மெட்ராசிலிருந்து பஸ்ஸில் வரும். கீழே எழுத்தெல்லாம் ஓடாது. வருகிற கூட்டத்தில் பாதிப் பேருக்கு பிரெஞ்சு தெரியாது. அதனால் ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு நான் திரைக்குப் பக்கத்தில் மைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். அவர்கள் பேசப் பேச நான் தமிழில் சொல்ல வேண்டும். கதாநாயகி பேசினாலும் நான்தான், கதாநாயகன் பேசினாலும் நான்தான், போலீஸ்காரன், பாதிரியார், திருடன் எல்லாம் நான்தான். நாய் குரைத்தால் மட்டும் சும்மா இருப்பேன். எனக்கு இருபத்தொரு வயது. முன்வரிசையில் அப்பா, கோர்ட்டில் எழுத்தர், மகள் மைக்கில் பேசுகிற பெருமையில் யாராவது இருமினால்கூடத் திரும்பி முறைப்பார். கூடத்தின் கடைசியில் ஒரு மேசை, மேசைமேல் புரொஜக்டர், அதை ஓட்டுகிறவன் கலியமூர்த்தி. என்னைவிட ஒரு வயது சின்னவன். நோட்டைப் பார்க்க என் பக்கத்தில் வைத்திருந்த சின்ன விளக்கு வெளிச்சத்தில் அவனுக்கு என் முகம் தெரியும். எனக்கு அவன் முகம் தெரியாது, மெஷின் வெளிச்சம் கண்ணைக் கூசும். வெளிச்சம் வருகிற திசை எதுவோ அதுதான் அவன்.

அந்த வேலையில் ஒரு நுணுக்கம் உண்டு. படத்தின் சத்தமும் என் சத்தமும் ஒன்றாக வந்தால் இரண்டும் புரியாது. நான் பேசப்போகும்போது அவன் படத்தின் சத்தத்தைக் குறைக்க வேண்டும், முடித்ததும் ஏற்ற வேண்டும். முதல் இரண்டு படம் ஒரே ரகளை. நான் ஒரு பக்கம் கத்த, படம் ஒரு பக்கம் கத்த, அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மூன்றாவது படத்தில் அவன் கண்டுபிடித்துவிட்டான். பேசுவதற்கு முன்னால் நான் மைக்கில் மூச்சு இழுப்பேனாம். எனக்கே தெரியாது. அந்தச் சத்தம் கேட்டதும் குமிழைத் திருப்பிவிடுவான். அதற்கப்புறம் ஒரு வார்த்தை இடித்ததில்லை. பதினோரு மாதம், பதினோரு படம், நான் மூச்சு இழுப்பேன், அவன் திருப்புவான். இதற்கு என்ன பேர் வைப்பது? தொட்டது கிடையாது. கடிதம் கிடையாது. ரீல் மாற்றுகிற ஐந்து நிமிஷத்தில் நான் பின்னால் போய்த் தண்ணீர் குடிப்பேன், அவன் "மத்மொசெல், தொண்டை கட்டிக்கப் போவுது" என்பான், "உன் மெஷின் கட்டிக்காம பாத்துக்க" என்பேன், அவ்வளவுதான். ஆனால் எண்பது பேர் உட்கார்ந்திருக்கிற கூடத்தில் ஒருத்தன் என் மூச்சையே காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறான் என்றால், அந்த வயதில் அது போதாதா? அதற்கப்புறம் ஒரு ஆம்பிளையும் என்னை அப்படிக் கேட்டதில்லை. இதோ, இப்போதும் ஒரு மூச்சு இழுத்துப் பார்க்கிறேன். திரும்புகிறானா? எங்கே. வாயைப் பிளந்துகொண்டு படம் பார்க்கிறான்.

எலேன் வந்துவிட்டாள். அந்த ஸ்டேஷனில், பயணிகள் விட்டுவிட்டுப் போன சாமான்களையெல்லாம் அடுக்கிவைக்கிற அறைக்கு அவள்தான் பொறுப்பு. எவ்வளவு சின்னப் பெண்! அன்றைக்கு எனக்கு மூத்தவளாகத் தெரிந்தாள், அக்கா மாதிரி, இப்போது பார்த்தால் என் மாணவிகளில் ஒருத்தி. கதாநாயகன் லூசியான் தொப்பியைத் தேடிக்கொண்டு வருகிறான். என்ன நிறம் என்கிறாள். மறந்துபோச்சு என்கிறான். தொப்பி தொலைந்தது பொய் என்று அவளுக்கும் தெரிகிறது, நமக்கும் தெரிகிறது. அங்கே சிரித்தான், இவன். கீழே தமிழ் எழுத்து வருவதற்கு முன்னாலேயே சிரித்துவிட்டான். மற்றவர்களெல்லாம் அரை நொடி கழித்துச் சிரிக்கிறார்கள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அன்றைக்கு 'போன்ழூர்' என்று ஒரு வணக்கம் சொல்ல நாக்கு சுளுக்கிக்கொண்டவன். இப்போது என் மைக் அவனுக்கு வேண்டாம், ஜாக்லின் போட்டிருக்கிற எழுத்தும் வேண்டாம், நேராக எலேன் வாயிலிருந்தே எடுத்துக்கொள்கிறான். இருக்காதா, நாற்பத்தைந்து வருஷம் அங்கேயே இருந்தவன். இந்த ஊர்க் கூத்தை வெளியூர்க்காரர்களுக்குச் சொன்னால் சிரிப்பார்கள். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக பிரெஞ்சு, சண்டைகூட பிரெஞ்சில்தான். ஆனால் அறுபத்திரண்டில், ஊர் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்து, எந்த நாட்டுக் குடிமகனாக இருக்க இஷ்டம் என்று கேட்டபோது எங்கள் பெரியவர்கள் கையெழுத்துப் போடவில்லை. நாங்கள் இந்தியர்கள். இவன் அப்பா சொல்தா, பிரெஞ்சுப் பட்டாளத்தில் சைகோனில் இருந்துவிட்டு வந்தவர். வீட்டில் ஒருத்தருக்கும் பிரெஞ்சில் தண்ணீர் கேட்கத் தெரியாது, ஆனால் கையெழுத்துப் போட்டுவிட்டார். அவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். பாஷை எனக்கு, பாஸ்போர்ட் அவனுக்கு. இருபது வயதானால் பிரான்சிலிருந்து ஓலை வரும், போய்ப் பட்டாளத்தில் ஒரு வருஷம் இருக்க வேண்டும். ஒரு வருஷம் என்றுதான் போவார்கள். போனவர்கள் அங்கேயே வேலை, அங்கேயே வீடு. திரும்பி வந்தால் கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வருவார்கள், அதுவும் அந்தப் பாஸ்போர்ட் வைத்திருக்கிற வீட்டில்.

அக்கார்டியன் வாசிக்கிறார்கள். காப்பிக் கடையில் நாற்காலிகளை ஒதுக்கிவிட்டு ஆடுகிறார்கள், எலேன் வேலைக்குப் போடுகிற அங்கியோடேயே ஆடுகிறாள், லூசியான் அவள் காலை மிதித்துவிட்டு மன்னிப்புக் கேட்கிறான். கலியமூர்த்தி கையால் முழங்காலில் தாளம் போடுகிறான். விரலில் மோதிரம் இருக்கிறது. மனைவி தையல்நாயகி காரைக்கால் பெண், இரண்டு வருஷத்துக்கு முன்னால் தவறிவிட்டாள். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? இவன் அண்ணன் மகள் என் வகுப்பில் படித்தாள். பரீட்சைத் தாளைத் திருத்திக்கொண்டே, "உங்க சித்தப்பா நல்லாருக்காரா?" என்று ஏதோ போகிற போக்கில் கேட்கிற மாதிரி கேட்பேன். அப்படிக் கேட்டுக் கேட்டுத்தான் ஒரு ஆளின் முழு வாழ்க்கையையும் சேர்த்துவைத்திருக்கிறேன். பாரிசுக்கு வெளியே வீடு, ரயில் பணிமனையில் வேலை, ஒரே மகள், போன வருஷம் கண் ஆபரேஷன். வெட்கமாக இருக்கிறது, அறுபத்தாறு வயதில். தையல்நாயகி செத்துப்போனாள் என்று கேள்விப்பட்ட அன்றைக்கு ஜெபம் சொன்னேன், அவளுக்காகத்தான் சொன்னேன், சத்தியமாக அவளுக்காகத்தான். நடுவில் மனசு வேறு எங்கேயோ போய்விட்டது. திரும்பவும் முதலிலிருந்து சொன்னேன்.

சைகோன் கடிதம் வந்துவிட்டது. லூசியானுக்கு அங்கே ரயில் பாதை போடுகிற வேலை. அன்றைக்கு இந்த இடத்தில் கூடமே கொல்லென்று சிரித்தது. "சைகோனா, அங்க நம்ம ஆளுங்கதான் இருக்காங்க, சொல்லிவிடட்டுமா" என்று பின்னாலிருந்து ஒரு கிழ சொல்தா கத்தினார். இன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை. அந்தச் சிரிப்பு தெரிந்தவர்களெல்லாம் போய்ச் சேர்ந்தாயிற்று. இவன் மட்டும் என் பக்கம் லேசாகத் திரும்பினான். ஞாபகம் இருக்கிறதா அவனுக்கு? அந்தக் கிழவர் கத்தியது ஞாபகம் இருந்தால் மற்றதும் இருக்கும். இருந்தால் என்ன ஆகும்? இல்லாவிட்டால் என்ன ஆகும்? எதற்கு நான் பயப்படுகிறேன் என்றே எனக்குப் பிடிபடவில்லை. தெரிந்துகொண்டு, ஐயோ பாவம் என்று பார்ப்பானோ என்றா? இல்லை, எலேன் அந்த வரியைச் சொல்லி முடித்த பிறகும் ஒன்றும் தோன்றாமல், நல்ல படம் என்று சொல்லிவிட்டு எழுந்து போவானோ என்றா? இரண்டாவதுதான். இரண்டாவதைத்தான் என்னால் தாங்க முடியாது. நாற்பத்தைந்து வருஷம் நான் தலைமேல் தூக்கிச் சுமந்ததை அவன் அன்றைக்கு சாயங்காலமே மெஷினை மூடும்போது மறந்திருந்தால்?

சனிக்கிழமை ஒத்திகை நடக்கும். ஒத்திகை என்றால் நான் வாய் திறக்க மாட்டேன். படத்தை ஒரு தடவை ஓட்டுவார்கள், நான் நோட்டில் கிறுக்கிக்கொண்டிருப்பேன். கூடத்தில் நாங்கள் இரண்டு பேர், அப்புறம் செயலாளர் மொசியே கஸ்தோன், அவர் வந்த ஐந்தாவது நிமிஷம் தூங்கிவிடுவார். கலியமூர்த்திக்கு ஒன்றும் புரியாது. "என்னா சொல்றா?" என்பான். "நாளைக்குக் கேட்டுக்க" என்பேன். எல்லாப் படத்துக்கும் இதே பேச்சுத்தான். அந்தச் சனிக்கிழமை கடைசி ரீல் முடிந்து, அவன் ரீலைத் திருப்பிச் சுற்றிக்கொண்டே, என்னைப் பார்க்காமல், "ஓலை வந்துடுச்சு. ஜூன்ல கெளம்பணும்," என்றான். எனக்கு நோட்டு கையில் இருந்தது. அதில் அப்போதுதான் எலேனின் கடைசி வரியை எழுதியிருந்தேன், மை காயவில்லை. "நான் போயிட்டா நீ என்னா பண்ணுவ?" என்று கேட்டான். கேட்டானே! அவனும் கேட்டான், நான் ஒன்றும் கற்பனை செய்யவில்லை. ரீல் சுற்றுகிற சத்தத்தில் பாதி அமுங்கிப்போனாலும் காதில் விழுந்தது. நான் என்ன சொன்னேன்? "என்னா பண்ணுவேன், வேற ஆளு வந்து மெஷின் ஓட்டுவான்," என்றேன். சொன்னேன். இந்த வாய் சொன்னது. அவன் தலையாட்டிவிட்டு ரீலைப் பெட்டியில் வைத்து மூடினான். இந்த நாக்கை வெட்டிப் போட்டால் என்ன. வேறு ஆளாம், மெஷின் ஓட்டுவானாம். அந்த ஒரு நிமிஷத்தில் மொசியே கஸ்தோன் விழித்திருந்தால் என்னைக் கன்னத்தில் அறைந்திருப்பார்.

மறுநாள் காலையில் பூசை. சாமியார் என்ன பிரசங்கம் வைத்தார் என்று கேட்டால் தெரியாது. அப்பா ஆண்கள் பக்கத்தில், அம்மா பெண்கள் பக்கத்தில் என்னோடு. நான் முழங்காலில் இருந்துகொண்டு ஒன்றையே நினைத்துக்கொண்டிருந்தேன். அவனிடம் போய் நேரே சொல்ல முடியாது. அப்பா அதே கூடத்தில் இருப்பார், கூட்டம் இருக்கும், வேற்று மதம், வயது வேறு குறைவு, நேற்றுச் சொன்ன வார்த்தைக்குப் பிறகு எந்த முகத்தோடு போவது. ஆனால் மைக் இருக்கிறது. மைக்கில் நான் என்ன சொன்னாலும் யாரும் என்னைக் கேட்கப்போவதில்லை. ஒரு பெண் ஒரு ஆணைப் பார்த்து என்னவெல்லாம் சொல்லலாமோ அவ்வளவையும் நான் எண்பது பேர் முன்னால், அப்பா முன்னால், மாசா மாசம் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன், கைதட்டுகிறார்கள். இதையும் சொல்லிவிட்டால் என்ன? அவ்வளவு கெட்டிக்காரத்தனமாக எனக்குப் பட்டது. எழுந்து நற்கருணை வாங்கும்போது சிரித்துக்கொண்டே போனேன், அம்மா கிள்ளினாள். மூன்று மணிக்குப் படம். கடைசிக் காட்சி. லூசியான் ரயில் படியில் நின்று, எனக்காகக் காத்திருப்பாயா என்று கேட்கிறான். எலேன் என்ன சொல்லுகிறாள்? "மாட்டேன். காத்திருக்க மாட்டேன். நீங்களும் என்னை நினைத்துக்கொண்டிருக்க வேண்டாம்" என்கிறாள். அழாமல் சொல்லுகிறாள். நான் மூச்சு இழுத்தேன். சத்தம் சுத்தமாகக் குறைந்தது. அவள் உதடு மட்டும் அசைந்தது, அவள் சொன்னது பிரெஞ்சு தெரிந்தவர்கள் காதிலும் விழவில்லை. நான் வெளிச்சம் வருகிற திசையைப் பார்த்துச் சொன்னேன், "காத்திருப்பேன். எத்தனை வருஷம் ஆனாலும் காத்திருப்பேன். நீ போயிட்டு வா." போயிட்டு வா என்று சொன்னேன்! அதுவரை எலேன் அவனை 'நீங்க' என்றுதான் பேசிக்கொண்டிருந்தாள். ஒருத்தரும் கவனிக்கவில்லை. கூடம் கைதட்டியது. அப்பாவும் தட்டினார்.

கேட்டிருப்பான், புரிந்திருக்கும் என்று நினைத்தேன். எவ்வளவு நாள் அப்படி நினைத்தேன்! படம் முடிந்து பின்னால் போனேன், அவன் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தான். "நல்லாச் சொன்ன பிளாந்தின், அழுவாச்சியே வந்துடுச்சு," என்றான். நான் அதைப் பதில் என்று எடுத்துக்கொண்டேன். மடச்சி. மொசியே கஸ்தோன் மட்டும் வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "மத்மொசெல், அந்தக் கடைசி வரி..." என்று ஆரம்பித்தார். தூங்குகிறவர்தான், ஆனால் உதட்டைப் பார்த்தே தெரிந்துகொண்டிருக்கிறார். என் முகத்தைப் பார்த்தார், மீதியைச் சொல்லவில்லை, அதை அப்படியே கல்லறைக்குக் கொண்டுபோனார். ஜூனில் கலியமூர்த்தி போய்விட்டான். ஒரு தபால் அட்டை வந்தது, கிளப் விலாசத்துக்கு, எல்லோருக்கும் வணக்கம் என்று. அந்த 'எல்லோருக்கும்' என்கிற வார்த்தையில் நான் எங்கே இருக்கிறேன் என்று தேடிக்கொண்டிருந்தேன். காத்திருந்தேன் என்று சொல்ல எனக்குப் பிடிக்காது, சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நான் ஒன்றும் நிற்கவில்லை, வேலைக்குப் போனேன், அப்பாவுக்கு மருந்து கொடுத்தேன், மூன்று பேர் பெண் பார்க்க வந்தார்கள், மூன்று பேரிலும் குற்றம் கண்டுபிடித்தேன். ஒருத்தன் மூக்கால் பேசுகிறான் என்றேன். ஆறாவது வருஷம் அவன் கல்யாணச் செய்தி வந்தபோது துரோகி என்று மனசுக்குள் திட்டினேன், வாக்குக் கொடுத்தேனே பாவி, கேட்டுவிட்டுத்தானே போனாய் என்று. அப்புறம் ஒரு நாள், வகுப்பில், ஒரு பையன் எழுந்து, "மிஸ், இது அந்தாளு சொன்னதா, இல்ல நீங்களா சொல்றீங்களா?" என்று கேட்டான். ஏதோ பாடத்தை நான் மொழிபெயர்த்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். சாக்பீஸ் கையிலிருந்து விழுந்துவிட்டது. எனக்கு அப்போது முப்பத்து நாலு வயது. அன்றைக்குத்தான் உறைத்தது. அவனுக்கு எப்படித் தெரியும்? பிரெஞ்சு தெரியாதவன், எலேன் சொன்னதைத்தான் நான் சொல்லுகிறேன் என்றுதான் எடுத்துக்கொண்டிருப்பான். நான் சொன்னதாக அவனிடம் இருப்பதெல்லாம் சனிக்கிழமைப் பேச்சு ஒன்றுதான். வேற ஆளு வந்து மெஷின் ஓட்டுவான்.

பாலத்துக்கு மேலே நிற்கிறார்கள். மழை பெய்கிறது. இதற்கப்புறம் ஸ்டேஷன்தான். ஜாக்லின் போன மாதம் தமிழ் வரிகளையெல்லாம் என்னிடம்தான் திருத்தக் கொடுத்தாள். அந்த ஒரு வரியில் பேனாவை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். 'காத்திருக்க மாட்டேன்' என்று சரியாகத்தான் எழுதியிருந்தாள் பெண். அடித்து மாற்றிவிடலாமா என்று கை அரித்தது. மாற்றவில்லை. ஒரு தடவை எலேன் வாயைப் பொத்தியாயிற்று, போதும், அவள் பாட்டுக்கு அவள் சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன். இவன் வருவான் என்று யாருக்குத் தெரியும்? முத்தியால்பேட்டையில் அண்ணன் வீட்டுக்கு வந்த இடத்தில் சுவரில் ஒட்டியிருந்த போஸ்டரைப் பார்த்தானாம், வாசலில் சொன்னான். செவ்வாய்க்கிழமை விமானமாம். அதையும் சொன்னான். போஸ்டரைப் பார்த்து ஏன் வந்தான்? படத்துக்காகவா? இந்த வயதில் ஒரு ஆம்பிளை பழைய படத்தைப் பார்க்க ஆட்டோ பிடித்து வருவானா? வருவான், ஓய்வு பெற்றவனுக்கு வேறு என்ன வேலை. சும்மா இரு பிளாந்தின். ஆசைப்படாதே. ஆசைப்படுகிறேன், என்ன செய்ய. இவன் இப்போது இருமினால்கூட எனக்குப் பதில் சொல்லுகிற மாதிரி இருக்கிறது.

ரயில் வந்து நிற்கிறது. பிளாட்பாரம் முழுக்க ஆட்கள். லூசியான் படியில் ஏறித் திரும்புகிறான். எனக்காகக் காத்திருப்பாயா என்று கேட்கிறான். என்னையும் அறியாமல் மூச்சு இழுத்துவிட்டேன். சத்தமாக, மைக் முன்னால் நிற்கிற மாதிரி. ஆனால் சத்தத்தைக் குறைக்க இன்றைக்கு யாரும் இல்லை. எலேன் தெளிவாகச் சொல்லுகிறாள். காத்திருக்க மாட்டேன். நீங்களும் என்னை நினைத்துக்கொண்டிருக்க வேண்டாம். அவள் குரலை இந்த வரியில் நான் கேட்டு நாற்பத்தைந்து வருஷம் ஆகிறது, என்ன தைரியமான குரல், நான் பொத்தி வைத்தது இதைத்தானா. முழங்காலில் தாளம் போட்ட கை அப்படியே நின்றுவிட்டது. திரும்பவில்லை. அசையவில்லை. ரயில் போகிறது, புகை, அவள் முகம், எழுத்துகள் மேலே ஏறுகின்றன. விளக்கைப் போட்டுவிட்டார்கள். எல்லோரும் கைதட்டுகிறார்கள். ஜாக்லின் முன்னால் நின்று என்னைக் காட்டி ஏதோ சொல்கிறாள், எல்லோரும் திரும்பிப் பார்த்து மறுபடியும் தட்டுகிறார்கள், நான் தலையை ஆட்டுகிறேன், என்ன சொன்னாள் என்று காதில் ஏறவில்லை. கூட்டம் கலைகிறது. அவன் எழுந்திருக்கவில்லை. சிரிக்கிறான். "பிளாந்தின், அன்னைக்கு நீ வேற என்னமோல்ல சொன்ன?" என்கிறான்.

ஞாபகம் இருக்கிறது.

ஞாபகம் இருக்கிறது இவனுக்கு! "காத்திருப்பேன்னு சொன்ன. நல்லா ஞாபகம் இருக்கு, எல்லாரும் கைதட்னாங்க," என்று சொல்லிவிட்டு ஒரு விரலை ஆட்டுகிறான். "பிளாந்தின் மிஸ்ஸே தப்பாச் சொல்லியிருக்காங்கன்னா பாத்துக்கயேன். ஊருக்கே பிரெஞ்சு சொல்லிக்குடுத்தவங்க." கேலி செய்கிறான். எனக்கு வழி விடுகிறான். ஆமாம், சின்ன வயசு, தடுமாறிட்டேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், இரண்டு பேரும் சிரித்துவிட்டு, ஜாக்லின் கொடுக்கிற டீயைக் குடித்துவிட்டு, செவ்வாய்க்கிழமை அவன் விமானம் ஏறிவிடுவான், என் மானமும் மரியாதையும் என்னோடு இருக்கும். அதைத்தான் சொல்லப்போனேன். வாயைத் திறந்தேன். ஆனால் தப்பா? நானா? எனக்கா பிரெஞ்சு தெரியாது? என் வாழ்க்கையில் நான் எத்தனையோ தப்புச் செய்திருக்கிறேன், மொழிபெயர்ப்பில் ஒரு தப்புச் செய்தேன் என்று எவனும் சொல்ல நான் விட்டதில்லை.

"தப்பெல்லாம் ஒண்ணும் சொல்லல," என்றேன். குரல் கொஞ்சம் ஏறிவிட்டது. வாசலில் நின்ற இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். "அவ மாட்டேன்னுதான் சொன்னா. எனக்கு நல்லாவே புரிஞ்சுது. காத்திருப்பேன்னு சொன்னது நான்."

சிரிப்பு அவன் முகத்திலேயே நின்றது, ஆனால் கண்ணில் இல்லை. "யாருகிட்ட?" என்றான்.

"மெஷின் ஓட்டினவன்கிட்ட."

என்னைப் பார்த்தான். என் பையை இந்தப் பக்கம் தள்ளிவிட்டு நடு நாற்காலிக்கு நகர்ந்து உட்கார்ந்தான். பக்கத்தில் பார்க்கும்போதுதான் தெரிகிறது, எவ்வளவு கிழவனாகிவிட்டான். ஜாக்லின் டீயோடு வந்தவள் எங்களைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிப் போனாள்.

"நான் படம்னுல்ல நெனச்சிட்டேன் பிளாந்தின்," என்றான்.